ஆளில்லாக் குடங்கள்

1

போன மாதம் நான் செத்துப்போன ஒருவருக்காகக் கை தூக்கினேன்.

பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேச வேண்டும். மாடிப்படி விளக்கு, குப்பைத் தொட்டி, லிஃப்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் பொது. அதனால் எல்லாவற்றுக்கும் ஓட்டு. வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் கை தூக்கச் சொல்லி இன்னொருவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த கிழவர் அந்தச் சீட்டை என் வீட்டுக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போயிருந்தார். என்னிடம் ஏன் கொடுத்தார் என்று தெரியாது. லிஃப்டில் பார்த்தால் போன்ழூர் என்று வணக்கம் சொல்வேன், அவ்வளவுதான் பழக்கம். ஒருவேளை அவருக்குப் போன்ழூர் சொன்னவள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதானோ என்னவோ.

பழைய தண்ணீர்க் குழாயை மாற்றலாமா வேண்டாமா என்று கேள்வி வந்தது. எனக்காக ஒரு கை தூக்கினேன். நிர்வாகி என்னைப் பார்த்து, ஐந்தாம் மாடிக்கு, என்றார். இன்னொரு கையையும் தூக்கினேன். போலீசிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி இரண்டு கைகளையும் மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் கதவை உடைத்துத் திறந்தபோதுதான் தெரிந்தது, கூட்டம் நடந்த அன்றைக்கே அவர் உள்ளே இறந்துதான் கிடந்திருக்கிறார்.

நான் நிர்வாகிக்குப் போன் போட்டு, அப்படியானால் அந்த ஓட்டு என்று இழுத்தேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வந்தவர், வராதவர், சார்பு கொடுத்தவர் என்று மூன்று வகைதான் உண்டாம். இவர் சார்பு கொடுத்தவராம். உயிரோடு இருப்பவரா இல்லையா என்பதற்கு அவர்கள் தாளில் இடமே இல்லை. அவர் கை இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறித்தான் இருக்கும். ஆனாலும் என் வலது தோள் இரண்டு நாள் வலித்தது.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளில்லாமலே ஆளைச் சேர்த்துக்கொள்ளும் இடத்திலிருந்துதான் நான் வந்திருக்கிறேன். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஊரிலேயே இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் அதிசயம் இருக்காது என்றால், அதுவே எனக்குப் போதும்.

2

எங்கள் ஊர் நெல்லித்தோப்பு. எங்கள் சந்து, ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்து. அதன் கடைசியில் ஒரு கிணறு இருக்கிறது. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, சந்துக்குச் சொந்தம். முனிசிபாலிட்டிக் குழாய் வீட்டுக்கு வீடு வந்த பிறகும் குடிக்கவும் உலை வைக்கவும் அந்தத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எங்கள் சந்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. என் அம்மா சாகும்வரை குழாய்த் தண்ணீரில் பருப்பைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம். பங்குனி பிறந்துவிட்டால் ஊற்று சுருங்கிவிடும், வரிசை வந்துவிடும். காலை முழுக்கக் கிணற்றை ஊற விட்டுவிட்டு, மத்தியானம் மூன்று மணி வாக்கில் பொது மோட்டாரைப் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு குடம். முந்தி வந்தவருக்கு முதல் குடம் என்ற பேச்சே கிடையாது. சந்து முனையிலிருந்து வீடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் குடங்கள் நிற்க வேண்டும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர்களின் குடமும் நிற்கும். இது சைகோன் காலத்தில் தொடங்கியது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்துக்கும் கணக்கெழுதும் வேலைக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆண்கள் சைகோனுக்குக் கப்பலேறிப் போன காலம். பூட்டிய வீட்டின் பங்கை இடதுபக்கத்து வீடு எடுப்பதா வலதுபக்கத்து வீடு எடுப்பதா என்று பெரிய சண்டை வந்து, மண்டை உடைந்து, கடைசியில் யாருக்கும் வேண்டாம், அவர்கள் குடம் அவர்கள் பேரில் நிற்கட்டும் என்று முடிவானதாம். எனக்கு வயசாக ஆக இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று புரிகிறது. இருப்பவனுக்குக் கொடுத்தால்தானே சண்டை.

ஆளில்லாத குடத்துக்குப் பின்னால் எந்த வீட்டுக்காரி நிற்கிறாளோ, அவள்தான் அதை நகர்த்த வேண்டும், ரொப்ப வேண்டும், கொண்டுபோய்ப் பூட்டிய வாசலில் வைக்க வேண்டும். கடைசிக் குடமும் ரொம்பியதும் எல்லாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் சந்தில் யாரும் தலை காட்டக் கூடாது. அந்த நேரத்தில் தண்ணீர் போதாதவர்கள் பூட்டிய வீட்டு வாசல் குடத்தை எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார் என்று யாரும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. மறுபடி கதவுகள் திறக்கும்போது குடங்கள் காலியாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆள் இறந்த செய்தி வந்தாலும் குடத்தை வரிசையிலிருந்து எடுக்க மாட்டார்கள். சொந்த ரத்தம் வந்து, எல்லாரும் நிற்கும்போது, தன் கையால் எடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது நிற்கும். சைகோனிலிருந்து திரும்பாத ஒருவரின் பித்தளைத் தவலை நான் பிறப்பதற்கு முன்பிருந்து நிற்கிறது. கவிழ்க்க ஒருவரும் வரவில்லை. சின்ன வயதில் நான் அதைத் தாண்டிக் குதித்து விளையாடியிருக்கிறேன். ஒரு பயமும் இருந்ததில்லை. பயம் எல்லாம் இங்கே வந்த பிறகு பிடித்ததுதான்.

3

யூரோ நோட்டு புதிதாகக் கைக்கு வந்த வருடம் அம்மா இறந்தார். அஞ்சலை அக்கா போன் செய்தார். எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. பிரெஃபெக்ச்சூர் என்று இங்கே ஒரு ஆபீஸ், நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், அம்மா போய்விட்டார் என்று நம் வழக்கப்படியே பிரெஞ்சில் சொன்னேன். எந்த நாட்டுக்கு, என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்று திருத்தினேன். வருத்தம் தெரிவித்தாள். போகலாம், ஆனால் அட்டை கையில் இல்லாமல் திரும்பி வர முடியுமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். மகள் எலிஸ் அப்போது சின்னப் பெண். அவளை யாரிடம் விட்டுவிட்டு நான் எந்தத் தைரியத்தில் விமானம் ஏறுவேன்?

அன்று நான் வேலை செய்யும் பள்ளிக்கூட கான்டீனுக்குப் போய், எப்போதும்போல் பிள்ளைகளுக்குத் தட்டில் உருளைக்கிழங்கு போட்டேன். ஊரில் அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. பேச்சில் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால், பரவாயில்லை என்று இரண்டொரு முறை சொல்லியும் இருக்கிறேன்.

நாலு வருடம் கழித்துத்தான் போனேன். அதுவும் துக்கத்துக்கு இல்லை, வீட்டை விற்க. நாங்கள் இங்கே வாடகைக்கு இருந்த வீட்டையே சொந்தக்காரர் விற்கப் போகிறேன் என்றார். வாங்குங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள். என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி, பாதி நாள்தான் வேலை. ஊர் வீட்டை விற்றால்தான் இந்த வீடு. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

4

ஜூலை மாதம், எலிசையும் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன் போனதெல்லாம் டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு. கிணறு வழியும், வரிசை இருக்காது. கல்யாணம் ஆகிப் போனதிலிருந்து நான் வரிசையை அன்றுதான் திரும்பப் பார்த்தேன்.

மூன்று மணி வெயில். சந்து முழுக்க ஒரு மனிதர் இல்லை. கிணற்றடியிலிருந்து சுவரோரமாக நிழலில் குடங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. பச்சை, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக், நடுவில் சில சில்வர் குடங்கள், அந்தப் பித்தளைத் தவலை. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு அவற்றைக் கடந்து போகும்போது, என்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். கோவிலில் பூசை நடக்கும்போது தாமதமாக நுழைந்த மாதிரி இருந்தது.

மோட்டார் போடும் சத்தம் கேட்டதும் பெண்கள் வந்தார்கள். நான் போன காலத்தில் குடத்துக்கு ஒருத்தி நிற்பாள். இப்போது வந்தவர்கள் கொஞ்சம் பேர். பாதிக்கு மேல் ஆளில்லாக் குடங்கள். பிரான்சு, சென்னை, மூலக்குளம் பக்கம் புது வீடு, கல்லறை. ஒவ்வொருத்தியும் தன் குடத்தோடு முன்னால் நிற்கும் இரண்டு மூன்றையும் பார்த்துக்கொண்டாள். குனிந்து தள்ளும்போது, வீட்டு ஆளை நகரச் சொல்வதுபோல மெல்லிய குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாருக்கும் அதில் கூச்சமில்லை. சிரிப்பும் இல்லை. லூர்தம்மா, நகருங்க, என்று அஞ்சலை அக்கா சொன்னது கேட்டு, அவர் தள்ளிய குடத்தைப் பார்த்தேன். லூர்து மேரி என் அம்மா.

வாய் உருகி ஒட்டுப்போட்ட பச்சைக் குடம். அம்மா அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கிய குடம்தான் அது.

எலிசுக்குத் தமிழ் அரைகுறை. அந்தக் குடத்தைக் காட்டி, இது யார், என்று அக்காவிடம் கேட்டாள். எது என்று கேட்க அவளுக்குத் தெரியாது. அக்கா அவளைத் திருத்தவில்லை.

"உங்க ஆயா," என்றார்.

எலிஸ் தலையாட்டினாள். பிரெஞ்சு மூளையோடு வளர்ந்த பெண், இன்னும் நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து, குடத்துக்கு இடம் விட்டு நின்றாள்.

எங்கள் வாசலில் அக்கா குடத்தை வைத்துவிட்டுப் போனார். பச்சைக் குடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆரஞ்சுக் குடமும் இருந்தது. எங்களுக்கு மறுபக்கத்து வீடும் பூட்டித்தான் கிடந்தது, அவர்களுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நானும் எலிசும் அம்மாவின் வீட்டுக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

பட்டப்பகல். வெளியே காக்காய்கூடக் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் சிமெண்டில் உரசும் சத்தம். தண்ணீர் உள்ளே அலம்பியது. குடத்தை யாரோ தூக்குகிறார்கள். காலடிச் சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது மாதிரி இருந்தது, அது என் மூச்சாகவும் இருக்கலாம். எலிஸ் ஜன்னலை நோக்கிப் போனாள். நான் அவள் சடையைப் பிடித்து இழுத்தேன், அவளுக்கு வலித்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஏன் தடுத்தேன் என்று அப்புறம் யோசித்தேன். சட்டத்துக்குப் பயந்து இல்லை. அது அம்மாவாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். அதைவிட, அம்மாவாக இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

கதவைத் திறந்தபோது இரண்டு குடங்களும் காலி. ஈரம் காயவில்லை. சாயங்காலம் அக்காவிடம், இப்போதுதான் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே, குடிக்க ஒரு குடம் எந்த வீட்டுக்கும் தாராளம், ஆளும் குறைந்துவிட்டது, பிறகு யார்தான் எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சுக்கவா கதவ சாத்துறோம்?" என்றார் அக்கா. முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

5

வீட்டை வாங்க வந்தவர் மூலக்குளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி வாடகைக்கு விடுவதாகத் திட்டம். ஆழமாகப் போர் போடப்போவதாகவும் சொன்னார். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைப் போடாமல் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தக் குடத்த மட்டும் எடுத்துடுங்கம்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. செத்தவர் பேரில் குடம் நிற்கும் வாசலில் அட்வான்ஸ் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

செய்தி சந்துக்குத் தெரிந்துபோனது. போர் போட்டால் கிணறு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் அப்படித்தான் ஒரு கிணறு வற்றி, இப்போது குப்பை கொட்டுகிறார்கள். என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்று தயாராக இருந்தேன். நானும் நெல்லித்தோப்பில் வளர்ந்தவள்தான், எனக்கும் வாய் உண்டு. யாரும் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. அந்தச் சாதுவான பார்வைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசியில் நானே அஞ்சலை அக்காவிடம் போனேன். என் நிலைமையைச் சொன்னேன். விற்காவிட்டால் அங்கே வீடு இல்லை, அவர் முதுகோடு நாங்கள் எங்கே போவது என்றேன். அக்கா முழுவதும் கேட்டார்.

"வீடு உன்னுது தெரேசு. வேணான்னு சொல்ல நாங்க யாரு? நாளைக்கு வரிசையில வந்து எடுத்துக்க. அங்கயே கவுத்துட்டா முடிஞ்சுது."

"தண்ணிக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல லூர்தம்மாவ அனுப்பி வை. எவ்ளோ நாள் நிப்பாங்க," என்றார்.

6

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வந்திருந்தார்கள். சாதாரணமாகக் குடத்தை நகர்த்த மட்டும் வருபவர்கள், அன்றைக்கு முந்தானையைச் சரியாக இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் ஓடியது. எங்கள் முறை வந்தது. நான் குனிந்து பச்சைக் குடத்தை எடுத்தேன். காலிக் குடம், ஆனாலும் இடுப்பில் வைத்தபோது கனத்தது. வாயில் அம்மா போட்ட ஒட்டு விரலில் உறுத்தியது. கிணற்றுச் சுவரோரம் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன்.

ஒருத்தி குழாயடியில் கையை நீட்டி ஒரு கை தண்ணீர் பிடித்துவந்து கவிழ்ந்த குடத்தின் முதுகில் ஊற்றினாள். பிறகு அடுத்தவள். இந்துப் பெண்கள், எங்களைப் போல் வேதக்காரப் பெண்கள் எல்லாரும் அப்படியே வரிசையாக வந்து ஊற்றினார்கள். அம்மாவின் குழியில் ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நானும் கையில் தண்ணீர் பிடித்தேன். ஊற்றினேன். அப்போதுதான் அழுதேன். எலிஸ் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா செத்துப்போய் நாலு வருடம் கழித்து, ஒரு பிளாஸ்டிக் குடத்தின் முதுகைப் பார்த்து, என் அம்மா செத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் யாரும் கலையவில்லை. வரிசையும் நகரவில்லை. அம்மாவின் குடம் இருந்த இடத்துக்குப் பின்னால் அந்தச் சின்ன ஆரஞ்சுக் குடம் நின்றுகொண்டிருந்தது.

"அது யாருதுக்கா?"

"உன்னுது," என்றார் அஞ்சலை அக்கா.

நான் கப்பலேறவில்லை, விமானம் ஏறினேன். கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு எங்கள் சந்தில் குடம் கிடையாது. ஆனால் நான் போன மறு கோடையில் அம்மா இந்தக் குடத்தை வாங்கிவந்து வரிசையில் வைத்து, இவள் கடல் தாண்டிப் போனவள், சைகோன்காரர்களுக்கு ஒரு சட்டம் என் பெண்ணுக்கு ஒரு சட்டமா என்று கேட்டிருக்கிறார். வரிசையில் அதற்கும் இடம் விட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து எல்லாக் கோடைக்கும் என்னை அம்மா ரொப்பி வாசலில் வைத்திருக்கிறார். அம்மாவுக்குப் பிறகு அஞ்சலை அக்கா. நான் இங்கே கான்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அத்தனை மத்தியானமும் அங்கே யாரோ என் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தப் பித்தளைத் தவலைக்கும் கல்லறைக்குப் போனவர்களின் குடங்களுக்கும் நடுவில் நான் இவ்வளவு காலமாக நின்றிருக்கிறேன். ஒருத்திகூட எனக்குச் சொல்லவில்லை.

"நான்தான் உயிரோட இருக்கனேக்கா," என்றேன்.

"யாரு இல்லன்னா? இருக்கவங்களும் கவுத்துக்கலாம். அவங்களேதான் கவுக்கணும். இதையும் எடுத்துட்டியானா அந்த வாசல்ல ஒண்ணும் இருக்காது. தாராளமா வித்துக்க."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆரஞ்சுக் குடத்தைப் பார்த்தேன். அதை எடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் கவிழ்க்க வேண்டும். அப்புறம் இந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அதன் மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றுவார்கள். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எலிசும் பார்ப்பாள். ஒருவேளை அவளும் ஊற்றுவாள். எங்கள் பிரான்சு வீட்டுச் சமையலறை, வீட்டுக்காரரின் முதுகுக்குப் போடும் பெல்ட், சொந்தக்காரர் கொடுத்த கெடு, எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் நியாயம்தான். குடத்தின் கழுத்தில் கையை வைத்தேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகத் தரையில் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் ஒரு சின்னப் பெண், யாரோ வீட்டு மருமகள், என்னை இன்னாரென்றே தெரியாதவள், பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"எடுக்கறதுன்னா எடுங்க. இல்லனா முன்னால தள்ளுங்கக்கா. கரண்டு போயிடும்."

நான் தள்ளினேன்.

7

மூலக்குளத்துக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு குடத்துக்காகவா என்று கேட்டார், என்னால் விளக்க முடியவில்லை. இப்போதும் முடியாது. கடன் வாங்கித்தான் இங்கே வீடு வாங்கினோம், கிழவி ஆகும்வரை கட்ட வேண்டும். அதனால்தான் குழாய்க்கு ஓட்டுப் போடும் பாக்கியம் கிடைத்தது. எலிஸ் படிக்க லியோனுக்குப் போய்விட்டாள். ஞாயிறு ஞாயிறு பேசுவாள், இப்போது பிரெஞ்சில் மட்டும். தபால்பெட்டியில் அவள் பேரை நான் எடுக்கவில்லை. தபால்காரர் குழம்புகிறார் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், குழம்பட்டும்.

ஐந்தாம் மாடிக்காரருக்கு யாரும் வரவில்லை. சாமான்களை ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. அவருக்காகத் தூக்கிய கையை இறக்க எனக்கு யாராவது ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, கான்டீனும் இல்லை. அதனால் இந்தப் புதன்கிழமை மத்தியானச் சமையலுக்கு முன்னால் அஞ்சலை அக்காவின் செல்லுக்குப் போன் போட்டேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இரு, தண்ணி வந்துடுச்சு, என்று சொல்லிவிட்டு அக்கா போனை எங்கேயோ வைத்துவிட்டார். அணைக்கத் தெரியவில்லை, லைன் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் சத்தம் கேட்டது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம், அடியிலிருந்து கழுத்துக்கு ஏறும்போது மாறுமே, அதுவும் கேட்டது. பிறகு அக்காவின் குரல், கொஞ்சம் தள்ளி, மெதுவாக.

"தெரேசு, முன்னால வா."

"இதோக்கா," என்றேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. பிளாஸ்டிக் தரையில் உரசியது. நான் சமையலறையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே எதிர் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. தண்ணீர் ரொம்பும் சத்தம் நின்றது. யாரோ மூச்சுவாங்கத் தூக்கினார்கள், நடந்தார்கள், திரும்பி வந்தார்கள். நான் அல்லோ அல்லோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். கடைசியில் அக்கா போனை எடுத்தார்.

"ம், சொல்லு தெரேசு. இப்பதான் உன்ன கொண்டுபோயி வாசல்ல வச்சிட்டு வரேன். சொல்லு."

என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.